உங்க ஏரிக்கு இந்த வருஷம் நான் போறேன், சம்பந்தி

என் வயித்தெரிச்சலுக்கெல்லாம் மூலகாரணமான அருமைச் சம்பந்தி அவர்களுக்கு,

நல்லாருக்கீங்களான்னு உங்களைக் கேக்க முடியாது. நான் நல்லாருக்கேன். அதைப் படிச்சா உங்களுக்குக் கொஞ்சம் எரியும். எரியட்டும்.

அமெரிக்காவுல, நம்ம புள்ளைங்க வீட்ல, பார்சிப்பனியிலதான் இருக்கேன். மாசம் ஆகஸ்ட். நல்லாப் படிங்க, ஆகஸ்ட். உங்க மாசத்துல, உங்க நாற்காலியில, கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கேன். இங்க தமிழ்ச் சங்கத்து மலருக்கு, போய்ச் சேந்தவங்களுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்கன்னு கேட்டாங்க. எல்லாரும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுதுறாங்க. எங்க அப்பாகிட்ட எனக்குக் கேக்க ஒண்ணுமில்ல. சண்டை பாக்கி இருக்கிறது உங்ககிட்டதான்.

பக்கத்துல நின்னு படிக்கிறவங்களுக்கும் விஷயம் புரியணும்ல, அதனால சொல்லிடுறேன். இவரு என் மருமக நித்யாவோட அப்பா. கோயம்புத்தூர்க்காரரு, கரண்ட் ஆபீஸ்ல பெரிய வேலை பாத்தவரு, சுத்த சைவம். நான் விருதுநகர்ல புரோட்டா கடை வெச்சிருந்தவன், எட்டாங்கிளாஸோட பள்ளிக்கூடம் என்னை வேண்டாம்னுடுச்சு. என் மகன் சரவணனும் இவரு மகளும் ஒருத்தரை ஒருத்தரு விரும்பித் தொலைச்சதால நாங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்க ஆனோம். இல்லேன்னா ஒரே பஸ்ஸுல போனாக்கூட இவரு எனக்கு ஜன்னல் சீட்டு குடுத்திருக்க மாட்டாரு.

இந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. பொண்ணைப் பெத்தவங்க ஆறு மாசம் வந்து இருப்பாங்க, அப்புறம் பையனைப் பெத்தவங்க ஆறு மாசம். ஒரு ஜோடி ஏர்போர்ட்ல இறங்குனா இன்னொரு ஜோடி மூட்டையைக் கட்டணும். புள்ளைக்கு டேகேரும் வேண்டாம், வீட்ல சோறும் ஆச்சு. நம்ம பேத்தி தன்யா பொறந்தது மே மாசம். பிரசவத்துக்குப் பொண்ணோட அம்மாதானே வரணும்? அதனால ஏப்ரல்ல நீங்க ரெண்டு பேரும் வந்து இறங்கிட்டீங்க. எங்களுக்கு அக்டோபர் விழுந்துச்சு. அன்னைக்கு விழுந்த டர்ன், அப்படியே ஒட்டிக்கிச்சு. வருஷா வருஷம் வெயிலுக்கு நீங்க, பனிக்கு நான்.

இந்த வீட்டு வாசல்ல நிக்கிற மேப்பிள் மரத்துக்குப் பச்சை இலை உண்டுன்னே எனக்கு இந்த வருஷம்தான் தெரியும், சம்பந்தி! நான் வந்து இறங்குனதும் கொட்டிடுறதால, இத்தனை வருஷமா அதைப் பட்ட மரம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

புள்ளை பேசப் பழகுனதும் நமக்குப் பேரு வெச்சா பாருங்க. வருஷா வருஷம் சம்மர்ல உங்களை வடக்கே ஒரு ஏரிக்குக் கூட்டிட்டுப் போறதால நீங்க லேக் தாத்தா. நான் ஸ்நோ தாத்தா. ஒருத்தருக்கு ஏரி, படகு, காத்து. இன்னொருத்தனுக்கு மங்கி கேப்பும் மூக்கு ஒழுகலும். பேரைக் கேட்டாலே யாரு ஜாலியான ஆளுன்னு தெரிஞ்சிடும்ல?

அக்டோபர்ல நான் வந்து இறங்குறதுக்கும் நீங்க கெளம்புறதுக்கும் நடுவுல ஒரு வாரம் ஒரே வீட்ல இருப்போமே, அதுதான் நமக்குத் திருவிழா. நான் இன்னும் ஷூவைக் கழட்டியிருக்க மாட்டேன், போனைத் தூக்கிட்டு வந்துடுவீங்க. "சம்பந்தி, இதைப் பாருங். இது வடக்கு ஏரியில புடிச்சதுங்." போட்டோவுல ஒரு கையில மீனு, நெத்தியில விபூதி. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

"திங்காத ஆளு எதுக்குய்யா மீன் புடிக்கிறீரு?"

"புடிக்கிறது பாக்கறதுக்குத்தானுங். பாத்துட்டு விட்டுட வேண்டியதுதான்."

"பொண்ணு பாக்கப் போற மாதிரியா?"

"ஆமாங். பஜ்ஜி மட்டும் கெடையாதுங்."

சண்டைக்கு வந்தவனைச் சிரிக்க வெச்சு அனுப்பிடுவீங்க. அதுலயும் எனக்குப் பொறாமைதான். மண்புழுவைத் தொட மாட்டேன்னு, சப்பாத்தி மாவுல பெருங்காயம் போட்டுப் பெசைஞ்சு கொக்கியில மாட்டுவீங்களாமே? புடிச்ச மீனைத் தண்ணியில விடும்போது "போய்ட்டு வாங்"ன்னு மரியாதையா வேற சொல்லுவீங்களாம். தன்யா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நான் எத்தனை ஸ்நோமேன் செஞ்சு குடுத்திருக்கேன், அவ யாருகிட்டயாவது சொன்னாளா?

அப்புறம் ஒரு ஜனவரி மாசம் காலையில, கோயம்புத்தூர்ல இருந்து போன். காபி குடிச்சிட்டு உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாருன்னாங்க. நித்யா உடனே கெளம்பிப் போனா. தன்யாவைப் பாத்துக்க நாங்க இங்க. அந்தப் புள்ளை அழல. கேரேஜுக்குப் போயி உங்க தூண்டில் சாத்தியிருக்கிற மூலையில உக்காந்துக்கிட்டா. நான் போயி பக்கத்துல உக்காந்தேன். எந்திரிச்சுப் போயிட்டா. செத்தும் எனக்கு எடம் விடலையே சம்பந்தி நீங்க?

மார்ச்சுல ஊருக்குத் திரும்புனோம். ஜூன்ல சரவணன் கூப்புட்டான். "அப்பா, அத்தை தனியா வரமாட்டேன்னுட்டாங்க. இந்த சம்மருக்கு நீங்களே வந்துடுங்க." சம்பந்தியம்மா உங்க மகன் வீட்லதான் இருக்காங்க, நல்லாருக்காங்க, கவலைப்படாதீங்க. ஏர்போர்ட்ல ஆபீசரு, இப்பதானே போனீங்க, அதுக்குள்ள ஏன் வந்தீங்கன்னு கேட்டாரு. என்னன்னு சொல்றது? என் சம்பந்தி டர்ன் காலியாயிடுச்சுன்னா? பேத்தியைப் பாக்கன்னு சொன்னேன். அதுவும் நெசந்தான்.

ஆகஸ்ட் பொறந்ததுமே டைனிங் டேபிள்ல பிளான் ஆரம்பிச்சது. ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடி, ஆகஸ்ட் கடைசியில, அதே வடக்கு ஏரி, கரையில அதே வாடகைக் கேபின். எனக்கு உள்ளுக்குள்ள மேளம் அடிக்குது. ஆனா எதைத் தொட்டாலும் நீங்க.

"அப்பா அந்தக் கடைசி ரூம்லதான் படுப்பாரு," நித்யா சொல்றா. "அப்பா ஐஸ் போட்ட கூலர்ப் பெட்டியில தயிர்சாதத்தை அடியில வெப்பாரு." "அப்பா காலையில சூரியன் வர்றதுக்கு முன்னாடியே படகுல ஏறிடுவாரு."

"அப்ப நான் எங்கம்மா படுக்கறது? கூலர்லயா?"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. தன்யா மட்டும் சிரிக்கல. "ஐ ஆம் நாட் கோயிங்"னுட்டு மாடிக்குப் போயிட்டா.

அவ வரலேன்னா நித்யா வரமாட்டா. நித்யா வரலேன்னா ட்ரிப்பே கெடையாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம், இல்லேன்னா கேபினை கேன்சல் பண்ணிடுறேன்னுட்டான் சரவணன். எனக்கு எப்படி இருந்திருக்கும்? இத்தனை பனிக்காலம் பொறுத்திருந்து, ஒரே ஒரு ஏரி கேட்டேன். ஏரி கூட இல்ல சம்பந்தி. அந்தப் புள்ளை உங்க பக்கத்துல உக்காந்த மாதிரி என் பக்கத்துலயும் ஒரு நாள் உக்காரணும். அவ்வளவுதான் கேட்டேன்.

சும்மா விடுவேனா? சரவணனைக் கூட்டிட்டுப் போயி புதுத் தூண்டில் வாங்குனேன். உங்களோடதை விட நீளம், அதைப் பாத்துத்தான் எடுத்தேன். பின்பக்கப் புல்லுல நின்னு வீசிப் பழகுனேன். மொத நாள் ஒரு மரக்கெளை மாட்டுச்சு. ரெண்டாம் நாள் என் கைலி மாட்டுச்சு, அதை நித்யாவோட ஆபீஸ் வீடியோ மீட்டிங்ல இருந்தவங்க அவ பின்னாடி ஜன்னல் வழியா பாத்தாங்களாம். தன்யா மேல இருந்து எட்டிப் பாப்பான்னு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே இருந்தேன். எட்டிப் பாத்தது பக்கத்து வீட்டு நாய்தான்.

அப்புறம்தான் பெரிய தப்பைப் பண்ணேன். ராத்திரிச் சாப்பாட்டுல, ஆசை காட்டுறதா நினைச்சு, "தன்யாக் கண்ணு, நீ வா. ரெண்டு மீனைப் புடிப்போம், மசாலா தடவுவோம், அங்கயே தோசைக்கல்லுல போட்டு"ன்னு ஆரம்பிச்சேன். ஸ்பூனைக் கீழ வெச்சா. "லேக் தாத்தா நெவர் கில்ட் ஒன். ஒரு மீனைக் கூட கொன்னதில்ல." நித்யா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. மாடியில கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு.

என் வீட்டுக்காரி சொன்னா, "போய்ச் சேந்த மனுசனோட போட்டி போடுறீங்களே, இதுல யாரு ஜெயிப்பா?"

"அந்தாளுதான் ஜெயிப்பாரு. அவரு இனிமே தப்பே பண்ண மாட்டாருல்ல?"ன்னேன்.

வியாழக்கிழமை காலையில அடுப்படியில மாவைப் போட்டுப் பெசைஞ்சேன். ட்ரிப்பு போகுதோ இல்லையோ, கையை சும்மா வெச்சிருக்க முடியல. எண்ணெய் விட்டு, அடிச்சு, இழுத்து, புரோட்டாவுக்குப் பெசையற மாதிரிதான். தன்யா கார்ன்ஃப்ளேக்ஸ் எடுக்க வந்தா. நின்னா. பாத்தா.

"வாட் இஸ் தட்?"

"மீனுக்குச் சாப்பாடு."

ஒரு துளி கிள்ளி உருட்டிப் பாத்தா. மோந்து பாத்தா. மூஞ்சி கோணிக்கிச்சு. "ஸ்நோ தாத்தா, திஸ் இஸ் ஸோ ராங். டூ மச் ஆயில். தண்ணியில போட்டா விழுந்துடும்." அலமாரியைத் தொறந்து பெருங்காயத்தை எடுத்தா. அவளே கோதுமை மாவு போட்டா, அவளே பெசைஞ்சா. உங்க கை மாதிரியே, சம்பந்தி, உள்ளங்கையில அழுத்தி அழுத்தி. டப்பாவைக் கவுத்தா பாருங்க, வீடே தும்முச்சு.

"இவ்வளவா?"

"ஹீ லைக்ஸ் இட் ஸ்ட்ராங்."

"யாரு?"

என்னை ஒரு பார்வை பாத்தா. இந்த சம்மர்ல மொத தடவையா சிரிச்சா. "ஸ்நோ தாத்தா."

எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் அவளே சொன்னா, பாதி இங்கிலீஷு பாதி தமிழு. ஏரியில ஒரு மரம் விழுந்து கெடக்காம். அதுக்கு அடியில ஒரு பெரிய மீனு. ஒவ்வொரு வருஷமும் மாவை மட்டும் கவ்விக்கிட்டு கொக்கியை விட்டுட்டுப் போயிடுமாம். அந்தத் திருட்டு மீனுக்கு நீங்க வெச்ச பேரு ஸ்நோ தாத்தா! "வந்துட்டாருங் உங்க ஸ்நோ தாத்தா! புரோட்டா கடை முதலாளி இன்னைக்கும் ஓசியில சாப்புட்டுட்டுப் போறாருங்!"ன்னு படகுல நின்னு கத்துவீங்களாம். காலையில மொத உருண்டை எப்பவும் அந்த மரத்தடிக்குத்தானாம்.

யோவ் சம்பந்தி! நான் இங்க பனியை வழிச்சுக்கிட்டு இருந்தப்ப எல்லாம், அங்க என்னைத் தண்ணிக்குள்ள விட்டுத் திருடன்னு பேரு கட்டியிருக்கீரு!

அவ இன்னொண்ணும் சொன்னா. "லேக் தாத்தா வாஸ் ஸோ ஜெலஸ் ஆஃப் யூ." நீங்க பனியைக் கண்ணால பாத்ததே இல்லையாம். சம்மர்ல வந்ததும் வராததுமா அவளை உக்கார வெச்சு, ஸ்நோ தாத்தா உன் கூட என்ன வெளையாண்டாரு, என்ன சொல்லிச் சிரிக்க வெச்சாருன்னு ஒண்ணு விடாமக் கேப்பீங்களாம். நான் செஞ்ச ஸ்நோமேன் எல்லாம் உங்களுக்குத் தெரியுமாம். ஒருத்தனுக்கு நான் கேரட்டுக்குப் பதிலா முருங்கைக்கா மூக்கு வெச்சது கூடவாம்.

ஏன் சம்பந்தி, ஒரு வருஷம் டர்னை மாத்திக்குவோமான்னு நீங்க ஏன் எங்கிட்ட கேக்கல? நானும்தான் கேக்கல. கேட்டா நமக்கு என்ன கொறைஞ்சிருக்கும்?

"அப்ப ஏன்டா கண்ணு வரமாட்டேங்குற?"ன்னு கேட்டேன். மாவை உருட்டிக்கிட்டே இருந்தா. "வாட் இஃப் வீ கேட்ச் ஹிம் திஸ் இயர்? லேக் தாத்தா பாக்க முடியாதே." கண்ணுல தண்ணி நின்னுச்சு. ஜனவரியில வர வேண்டியது, ஆகஸ்ட்ல வந்துச்சு. இந்தத் தடவை பக்கத்துல உக்காந்தேன். எந்திரிச்சுப் போகல.

நான் சொன்னேன், "அந்த மரத்தடிக்கு மட்டும் கொக்கி வேணாம். வெறும் மாவு. ஒரு வயசான மனுசன் சாப்புட வர்றப்ப யாராச்சும் வாயில கம்பியை மாட்டி இழுப்பாங்களா?"

"நோ ஹுக்?"

"நோ ஹுக்."

கையில இருந்த மாவை உருண்டையாக்கி வெச்சா. அப்புறம், "ஓகே. பட் படகுல முன் சீட் லேக் தாத்தாவோடது. நோபடி சிட்ஸ் தேர். யூ சிட் இன் தி பேக்."

காலியா இருக்கிற சீட்டுக்குப் பின்னாடி எனக்கு எடம்! ஆளே இல்லாம வந்து சீட்டுப் புடிக்கிற ஒரே ஆளு நீங்கதான்யா. ஆனா "சரிம்மா"ன்னேன். கேபினை கேன்சல் பண்ணாதேன்னு சரவணனுக்கு அவளே மெசேஜ் போட்டா.

சனிக்கிழமை கெளம்புறோம். உங்களுக்கு ஒரு சத்தியம் பண்ணிக் குடுக்குறேன் சம்பந்தி. பின் சீட்லதான் உக்காருவேன். மத்த மீனு எது மாட்டுனாலும் பாத்துட்டு விட்டுடுவேன், நாக்கு ஊறுனாலும் விட்டுடுவேன். அந்தப் பெரிய மீனு தானா துள்ளி என் மடியில வந்து விழுந்தாக்கூட தூக்கித் தண்ணியில போட்டுடுவேன். நான் புடிச்சிட்டேன்னு தெரிஞ்சா நீங்க அங்க நிம்மதியா இருக்க மாட்டீங்க. இந்தக் குடும்பத்துல பொறாமைப்பட இனிமே நான் ஒருத்தன் போதும்.

இப்படிக்கு,
உங்க மகளுக்கு மாமனாரு,
உங்க பேத்திக்கு இன்னொரு தாத்தா