வெள்ளைப் புடவைக்கு முந்திய நாட்கள்

நவம்பர் 3, திங்கள்

விடியலிலிருந்து மழை. குசினிக் கூரை அதே மூலையில் ஒழுகுகிறது. கீழே வாளி. ரியாஸ் லீவில் வந்ததும் முதல் வேலை அதுதான் என்று வைத்திருந்தேன்.

விமானப்படையிலிருந்து போன். அதே கதை. அமைதிப்படைக்கு ஆப்பிரிக்கா போன என் புருஷன் ரியாஸின் ஹெலிகொப்டர் போன மாதம் ஆற்றங்கரையில் விழுந்தது. அந்த இடம் இன்னும் கிளர்ச்சிக்காரர் கையில். தேடப் போக முடியவில்லை. "காணாமல் போனவர்" என்றே பதிவு. "நன்றி மேடம்" என்று வைத்தார்கள். என்ன நன்றி?

பள்ளிக்கூடம் போனேன். ஒன்பதாம் வகுப்புக்குப் பின்னம். ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் எல்லார் வாயும் மூடிக்கொண்டது.

வாங்க வேண்டியவை: தேங்காய், நெருப்புப்பெட்டி, மாசிக் கருவாடு. மூன்றையும் மறந்தேன்.

கூரையைப் பற்றி ரி.க்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். போய்ச் சேரவில்லை. போன் நனைந்திருக்கும்.

நவம்பர் 5, புதன்

வெயில், சுள்ளென்று. மாமி மருதமுனையிலிருந்து ஓட்டோவில் வந்தார். மகன் ரி.யின் முகம் அப்படியே மாமிக்கு. பார்க்க முடியவில்லை. கையில் பார்சல், இரண்டு வெள்ளைப் புடவை.

"வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு காயிப் ஜனாஸா தொழுவம் எண்டு பள்ளிவாசல்ல சொல்றாங்க மகள். நீ வெள்ள உடுத்து வீட்டுக்குள்ள இத்தா இரிக்கணும்."

"அடக்க ஒரு மையத்து இல்லாம என்னத்தத் தொழுற?"

"மையத்து இல்லாட்டித்தானே காயிப்."

"அவர் மவுத்தாப் போனத ஆரு கண்ட? நீங்க கண்டீங்களா?"

மாமி அழுதார். பெற்ற வயிறு. நான் கத்தியிருக்கக் கூடாது. ஆனாலும் புடவையைக் கையால் தொடவில்லை. மாமிதான் அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ராத்தா, என் கூடப்பிறந்த மூத்தவள். அடுத்த வளவு வீடுதானே, என் சண்டை எல்லாம் அவளுக்குக் கேட்கும். "புருஷன் இப்பிடிக் கிடக்க, பூச்சேலை உடுத்துப் படிப்பிக்கப் போறாள் எண்டு ஊரே கதைக்குது."

"கதைக்கட்டும். ஊரா ஹெலிகொப்டர் ஓட்டின?"

எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை யாரிடம் சொல்வது? அங்கே இரண்டிரண்டாகத்தான் பறப்பார்கள். எங்களுடையது ஒன்று, பங்களாதேஷ்காரருடையது ஒன்று. "ஒண்டு விழுந்தா மத்தது பக்கத்துல இறங்கும். விட்டுட்டு வரமாட்டம்" என்று ரி. எத்தனை தரம் சொல்லியிருப்பார். அன்று மற்றதை ஓட்டியவர் கபீர். ஒருமுறை வீடியோவில் கை காட்டினார், அண்ணி என்பதற்கு "பாபி" என்று கூப்பிட்டார், ரி.க்கு மீன் முள் எடுக்கத் தெரியாது என்று கோள் சொன்னார். அவரும் காயப்பட்டு ஆஸ்பத்திரியில். இன்னும் பேச்சு வரவில்லையாம். கபீர் வாய் திறக்கும்வரை தொழ வேண்டாம் என்று மாமிக்குச் சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 7, வெள்ளி

தொழவில்லை. மாமி எனக்காகத் தள்ளிவைத்தார். சூரை மீன் கறி வேறு கொடுத்தனுப்பினார். ரி.க்குப் பிடித்தது. சாப்பிட முடியவில்லை.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு தெரியாத நம்பர். வீடியோ. தலை முழுக்கக் கட்டு. கபீர்.

ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். இறங்கினாராம். ரி.யை இழுத்து ஒரு மரத்தடியில் கிடத்தினாராம். வயிற்றில் காயம். கையைப் பிடித்துக் கடைசி நேரக் கலிமா சொல்லிக்கொடுத்தாராம். ரி. முழுதாகச் சொன்னாராம். அதன்பிறகு மூச்சு இல்லை. வெடி கிட்ட வந்துவிட்டது, அவருக்கும் பட்டது, அவருடைய ஹெலிகொப்டருக்குள் காயக்காரர்கள் கிடந்தார்கள். ரி.யைத் தூக்கி வர முடியவில்லை.

"விட்டுட்டு வரமாட்டம் எண்டுதானே அவர் சொன்ன!" என்று தமிழிலேயே கத்தினேன். அவருக்கு என்ன விளங்கியிருக்கும்? ஆனால் அந்தப் பெரிய மனிதர் குழந்தை மாதிரி அழுதார்.

"போகுமுன் திசைகாட்டியைப் பார்த்தேன் பாபி. முகத்தைக் கிப்லாப் பக்கம் திருப்பிவைத்தேன். என் ஜாக்கெட்டால் மூடினேன்."

அங்கே தொழும் திசை, கிப்லா, வடகிழக்காம். எங்களுக்கு மேற்கு. யா அல்லாஹ், இதை ஏன் எழுதுகிறேன்.

மாமிக்குப் போன் எடுத்தேன். "தொழச் சொல்லுங்க மாமி." மறுபக்கம் போன் கீழே விழுந்த சத்தம்.

நவம்பர் 8, சனி

வானம் மப்பு. பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு காயிப் ஜனாஸா தொழுதார்கள். ஒலிபெருக்கியில் அவர் பெயர். காதைப் பொத்திக்கொண்டேன், அப்படியும் கேட்டது.

மௌலவியின் மனைவி வந்தார். நல்ல மனுஷி. "இத்தா நாலு மாசம் பத்து நாள் மகள். ஆனா அது மவுத்தான நாள்லேருந்துதான். உங்களுக்குத் தெரியாமப் போன நாளும் சேரும். கொஞ்சம் கழிஞ்சி போச்சு."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு நெஞ்சே வெடித்தது. நான் பின்னம் படிப்பித்த நாள், மாமியோடு சண்டை பிடித்த நாள், கூரை ஒழுகுது என்று அவருக்குச் சொன்ன நாள். அவர் அந்த மரத்தடியில் கிடந்திருக்கிறார். எல்லாம் இத்தாவாம்.

"இல்ல. அந்த நாள் எல்லாம் நான் அவர்ர பொஞ்சாதி. இண்டையிலேருந்து முழுசா இரிப்பன்."

"கூட இரிக்கத் தேவல்ல மகள்."

"தேவைக்கா இரிக்கிற?"

சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த நாட்களை மட்டும் கொடுக்க மாட்டேன். அவற்றில் அவர் எனக்கு உயிரோடு இருந்தார்.

மாமி கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்த பார்சலை எடுத்தார். "அவள்ர விருப்பத்துக்கு உட்டுடுங்க" என்றார். அவரே உடுத்திவிட்டார். கொசுவத்தை மடித்துச் செருகினார்.

மழை திரும்பத் தொடங்கிவிட்டது. வாளி நிறைகிறது. கூரைக்கு ஓர் ஆளைப் பிடிக்கச் சொல்லி ராத்தாவிடம் சொன்னேன்.