கடுகண்ணாவை ஏத்தத்துக் கருப்பட்டி

என் வீட்டு மகாராணி வேலம்மாளுக்கு, கடுகண்ணாவை மலையையே தோளில் தாங்கி நிற்கும் உன் புருஷன் வீரபத்திரன் எழுதுவது. நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமா?

என்னோடு வண்டி ஓட்டிவிட்டு ஊருக்கு வந்த காளிமுத்து, நான் இங்கே எவளையோ "கருப்பட்டி" என்று கொஞ்சுவதாகச் சொன்னானாம். "அவகூடவே இருக்கச் சொல்லுங்க" என்று நீயும் சொல்லியனுப்பிவிட்டாய். அடி பாவி, கோப்பித் தோட்டத்துக்கு அரிசி வண்டி இழுக்கும் கறுப்புக் காளை அது. கொம்பை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறான் படுபாவி.

நேற்று உனக்குப் பயந்து அதை "ராமா" என்று கூப்பிட்டேன். மலை ஏத்தம் ஏறும்போதே நடு ரோட்டில் படுத்துக்கொண்டது. பின்னால் கொழும்பு வரைக்கும் ஆயிரம் வண்டி நின்றது. "மாமா, அந்தப் பேரைச் சொல்லித் தொலைங்க, பொழுது போகுது" என்று வண்டிக்காரர்கள் கத்தினார்கள். சொன்னேன், எழுந்து நடந்தது. நான் என்னதான் செய்வது?

வேறு பேர் இருந்தால் நீயே சொல்லியனுப்பு. வருகிறவர்களிடம் சுக்கும் ஒரு போர்வையும் கொடுத்துவிடு. குளிர் எலும்பைத் தின்கிறது. வண்டி கட்டக் கூப்பிடுகிறார்கள், வருகிறேன்.

ஆனால் வேலம்மா, உன்னைக் கொஞ்சும் அந்தப் பேரை மாட்டிடமும் சொல்லக்கூடாது என்றால், இந்த மலையில் நான் வேறு யாரிடம் சொல்லுவேன்?

வீரபத்திரன்