மாப்பிள்ளை தூக்கிப்போன மாமியார்

ஒக்தான் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சௌக்கியம், வடக்கே உங்கள் பக்கம் பனி இறங்கியிருக்கும், நீயும் பிள்ளைகளும் இருமல் இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். உன் தங்கையைத் தூக்கிப்போன அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஒருவரும் நழுவக் கூடாது. நான், உன் தங்கை பன்வோல், அவள் மாமியாரான ஹொ வீட்டுக் கிழவி, பன்வோலை எடுத்துப்போக வந்த உப்பு வியாபாரி தொல்ஸே, அவனோடு இரண்டு தடியன்கள், ஆற்றுக்கு அக்கரையில் உன் அப்பா.

பன்வோல் புருஷன் செத்த மூன்றாம் மாதமே அவன் அண்ணன், அதான் அவள் மூத்த மச்சினன், சோற்றுத் தட்டோடு ஒரு வெள்ளைக் கயிறும் அனுப்பினானே, இவள் தொங்கினால் பத்தினி என்று அரசாங்கம் அவன் வீட்டுக்குச் சிவப்பு வாசல் கட்டித்தருமாம். மறுகல்யாணத்துக்கு ஊர் ஒத்துக்கொள்ளாது, மூட்டையில் போட்டு எவனாவது தூக்கிப்போனால் மட்டும் விதி என்று வாயை மூடிக்கொள்ளும். அதனால் மச்சினன் விருந்துக்குப் போன நாளில், விளக்கு வைக்கும் நேரத்தில், ஹொ வீட்டுக் கொல்லையில் ஜாடிகளுக்கு நடுவே வெள்ளை உடுத்தி நிற்பவள்தான் பெண் என்று தொல்ஸேயிடம் பேசிவைத்தோம். இந்தப் பெண்ணோ, அம்மா ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன் என்று உள்ளே போய்விட்டாள். வழியனுப்ப வந்ததுக்கு ஒரு கரண்டி சோயா விழுது எடுத்துக்கலாமே என்று நான் ஜாடியைத் திறந்தேன், தலையில் விழுந்தது மூட்டை. நம் ஊரில் எல்லோரும் தினமும் உடுத்தும் வெள்ளையைத்தானே நானும் உடுத்தியிருந்தேன். கத்தினால் வேலையாட்கள் வருவார்கள், அடேய் நான் மாமியார்டா என்று மெதுவாகச் சொல்லி உதைத்தேன். பேருக்காவது முரண்டு பிடிப்பதுதானே கைம்பெண்ணுக்கு மரியாதை, நல்ல குடும்பத்துப் பொண்ணு, உதையிலேயே தெரியுது என்றான் ஒரு தடியன். தொல்ஸே மூட்டையைத் தட்டிக்கொடுத்து, பயப்படாதே தங்கம், உன்னைப் பூ மாதிரி வெச்சுக்கறேன் என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அவன் அழுகை என்று நினைத்து இன்னும் கொஞ்சினான்.

ஆற்றங்கரையில் அவிழ்த்தான். கையில் கரண்டியோடு என்னைப் பார்த்ததும் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். பின்னால் மேட்டிலிருந்து பன்வோல் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். நடந்து போய்ச் சேர்ந்தால் ஓடிப்போனவள் என்று பெயராகிவிடுமே, அதனால் அவளே மூட்டைக்குள் இறங்கி, ஒரு தடியனிடம், அண்ணே முடிச்சைக் கொஞ்சம் தளர்வா போடுங்க என்றாள். அக்கரைக் கிணற்றடிப் பெண்கள் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், உப்புக்காரன் இன்னிக்கு முள்ளங்கி வாங்கிட்டுப் போறான்டி, முள்ளங்கி சிரிக்குது பாரு என்றாள் ஒருத்தி.

நாயைக் கட்டிவைத்துக் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டது அந்த ஹொ வீட்டுக் கிழவிதான், அவளும் புருஷனைப் பறிகொடுத்தவள்தானே. கல்யாணத்தில் என் அரிசிப் பணியாரத்தைக் கல் என்றாளே, அதை இன்றோடு விட்டேன். மச்சினன் அந்நியன், குரைத்துவிட்டுப் போகட்டும்.

நீ நிறைந்து வாழ வேண்டும், பிள்ளைகள் பல்லும் சொல்லுமாக வளர வேண்டும். படித்ததும் இதை அடுப்பில் போடு, மறக்காதே. அன்றைக்கு அக்கரையில் தொல்ஸே வீட்டில் முதல் கிண்ணம் கள்ளை வாங்கி எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் ஒருத்தர் உண்டு. அந்தக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பன்வோல் நம் வீட்டுக்கு ஓடி வந்தபோது, செத்தாலும் அந்த வீட்டுலயே சாவு என்று உள்ளே தாழ்ப்பாள் போட்டவரும் அவரேதான். இத்தனை வருஷம் வாயால் சொல்லாத பெயரை எழுதியே வைக்கிறேன், ஓ மன்சொக், உன் அப்பா. அவரை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மூட்டையிலிருந்து முழுசாகத் திரும்பிய உன் அம்மா மக்தொக்