வீட்டில் ஒரு பீப் சத்தம்

என் சிடுமூஞ்சிக்கு,

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நீ உன் அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து நம் வீட்டில் ஏதோ ஒன்று 'பீப் பீப்' என்கிறது. ஃப்ரிட்ஜைப் பிரித்தேன், இன்வெர்ட்டரைக் கழற்றினேன், சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக்கூட உருவிவிட்டேன். நிற்கவில்லை.

எங்கள் ஆலையின் கண்ட்ரோல் ரூமில் அலாரம் அடித்தால் முதலில் சத்தத்தை நிறுத்துவோம். பழுது தீரும்வரை எச்சரிக்கை விளக்கு மட்டும் எரியும். இன்று காலை என்னோடு ஷிஃப்டில் இருந்த குண்டன் சத்தத்தை நிறுத்திவிட்டு டீ குடிக்க உட்கார்ந்துவிட்டான்.

"டேய், சத்தத்த நிறுத்திட்டா மோட்டார் சரியாயிடுமா?" என்று கத்தினேன்.

"யாரு சொல்றது பாரு! ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மறுநாளே டியூட்டிக்கு வந்த ஆளு!" என்றான்.

நாம் இருவர் மட்டும் திரும்பி வந்த அந்த நாளைச் சொன்னான்.

வீட்டில் நான் திறந்து பார்க்காதது அந்தச் சின்ன அறை ஒன்றுதான். மத்தியானம் வந்து திறந்தேன். தொட்டில் இன்னும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன், இல்லையா?

அந்த அறையில் மட்டும் பீப் கேட்கவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. அங்கே கேட்டிருக்க வேண்டிய அழுகையும் இல்லை. அதனால் நான் அழுதேன்.

வெளியே வந்தால் மறுபடியும் பீப். இனி எதையும் கழற்றப்போவதில்லை. நீ வராமல் அந்தப் பெட்டியையும் தொடமாட்டேன். வா. இரண்டு பேருமாக அங்கே கொஞ்ச நேரம் உட்காரலாம். நீ அழு. இந்தத் தடவை நான் பேச்சை மாற்றமாட்டேன்.

உன்
அவசரக்குடுக்கை