நான்காவது வாரத்துப் பாடம்

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் நான் கத்துவதும் நீங்கள் "ஆங்? ஆங்?" என்பதும் போதும். நம் குடும்பக் கதை முழுவதும் பக்கத்து அறைக்காரிக்கு மனப்பாடமாகிவிட்டது. இனிமேல் கடிதம்தான்.

பஸ் ஏற்றிவிட நீங்கள் வரவில்லை. கோபம் புரிகிறது. உங்கள் பிள்ளையைக் கொண்டுபோன வேலைக்கே நானும் வந்திருக்கிறேன் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

பயிற்சிக்கு வந்த பதினாறு பேரில் பெண்கள் மூவர். என் அளவுக்கு பூட்ஸ் இல்லை. இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டிக்கொண்டு வாத்து மாதிரி நடக்கிறேன். பயிற்சியாளர் தங்கமான மனிதர். நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடுவார். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்தபின் தார்போல ஒன்று மிஞ்சுமாம். அதை உலையில் காய்ச்சி, பத்து மாடி உயர டிரம்முக்குள் விட்டால் ஒரு நாளில் கரியாக இறுகிவிடும். அப்புறம் தண்ணீர் விட்டு ஆறவைத்து, வடித்து, அடியிலுள்ள மூடியைத் திறந்து வெட்டி எடுப்பார்கள். உங்கள் பிள்ளை வீட்டில் இதையெல்லாம் சொன்னதே இல்லை.

மாத முடிவில், வேலைக்கு எனக்கு வேண்டியது ஆய்வுக்கூடமா, டிரம் பகுதியா என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

என் வாலுப் பெண் உங்களைப் படுத்துகிறாளா?

உங்கள் மருமகள்

ஜூன் 15

அன்பு மருமகளுக்கு,

உன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. "தாத்தா, உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். தலைவாரி விடுவதற்குள் எனக்கு மூச்சு முட்டுகிறது. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு இரண்டு ஜடை நேராகப் போட வரவில்லை.

ஆய்வுக்கூடம் என்றே எழுதிக் கொடு. டிரம் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. உன் புருஷன் ஆறும் முன்னே அவசரப்பட்டுத் திறந்தான், போய்ச் சேர்ந்தான். 'கவனக்குறைவு' என்று கம்பெனியே தாளில் அடித்து அனுப்பியதே. நான் ஓட்டிய வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. எனக்கு இப்படி ஒரு பிள்ளை.

நேரத்துக்குச் சாப்பிடு.

மாமா

ஜூன் 24

அன்புள்ள மாமாவுக்கு,

இதை உட்கார்ந்து படியுங்கள்.

இன்று விபத்துகளைப் பற்றி வகுப்பு. திரையில் ஒரு விபத்து. பெயர் இல்லை, 'கீழ்த்தள ஊழியர்' என்று மட்டும். தேதியை இரண்டு தடவை படித்தேன். உங்கள் பிள்ளை போன அதே தேதி.

சென்ற மாதம்தான் மறுவிசாரணை முடிந்ததாம். நமக்கு யாரும் சொல்லவில்லை. வடிகிற தண்ணீர் குறைவு, உள்ளே ஆறவில்லை, இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும் என்று அவர் நாலு பத்துக்குக் கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டிருக்கிறார். நாலு இருபத்தைந்துக்கு மறுபடியும் கேட்டிருக்கிறார். "நேரமாச்சு, திற" என்று பதில். கூட இருந்த இரண்டு பேரையும் தூரமாகப் போகச் சொல்லிவிட்டுத்தான் திறந்திருக்கிறார். கொதிக்கும் தண்ணீரும் கரியும் அவர் ஒருவர் மேல் மட்டும்தான் கொட்டின.

"இவர் கேட்டது சரி. காது குடுத்துக் கேக்க வேண்டியவங்கதான் கேக்கல" என்றார் பயிற்சியாளர்.

நான் எழுந்து நின்றேன். "சார், அவர் என் வீட்டுக்காரர்."

அவர் திரையை அணைக்கப் போனார். "எனக்குத் தெரியாதும்மா..."

"நிறுத்தாதீங்க சார். முழுசாச் சொல்லுங்க."

சொன்னார். வகுப்பு முடிந்ததும், இரண்டு தடவை கேட்டதையும் நேரத்தோடு எழுதிவைத்திருந்த பதிவேட்டுப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தார். இதனுடன் வைத்திருக்கிறேன். உங்கள் பிள்ளையின் கையெழுத்துதான் மாமா.

அவர் கேட்டதை அங்கே நின்று நானும் கேட்க, எனக்கு டிரம் பகுதிக்குத்தான் போக வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லாமல் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

உங்கள் மருமகள்

ஜூன் 27

அம்மா,

நேற்றுக் கடிதம் வந்தது. எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. "ஏன் தாத்தா அழுவுற?" என்றாள் உன் மகள். "உங்கப்பன் ரொம்ப நல்லவன்டி" என்றேன். "எனக்குத் தெரியுமே" என்று விளையாடப் போய்விட்டாள். எனக்குத்தான் தெரியவில்லை.

அவனைக் கிடத்தியிருந்தபோது நான் அழவில்லை. திட்டினேன். ஊரார் முன்னால் திட்டினேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதற்கு உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

இரண்டு தடவை கேட்டவன் மூன்றாம் தடவையும் கேட்டிருக்கக் கூடாதா என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சுப் பேசாதே என்று சின்ன வயசிலிருந்து அவனை அடித்து வளர்த்தவன் நான்தான்.

டிரம் பகுதி என்றே எழுதிக் கொடு. பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதிக் கொடு. ஆனால் சந்தேகமாக இருந்தால் திறக்காதே. மேலதிகாரி கத்தினாலும் திறக்காதே. வேலை போனால் போகிறது, வீட்டுக்கு வா. "என் மாமனார் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்று சொல்லு. சிரித்தால் சிரிக்கட்டும்.

மாதம் முடியுமுன் கிடைக்க வேண்டுமே என்று நானே தபால் ஆபீசுக்கு நடக்கிறேன். உன் மகளும் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

மாமா