ஆமைக்காகப் படகை நிறுத்தியவர்

அனுப்புநர்:
எ. பாஞ்சாலி,
க/பெ எல்லப்பன்,
பென்னலூர் கிராமம்,
ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு சுற்றுலா அலுவலர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: கோவளம் 'நீலமணி படகுச் சவாரி' நிறுவனம் திமிங்கிலம் காட்டுவதாக ஏமாற்றியது, படகோட்டி யாக்கோபுவை வேலைநீக்கம் செய்தது – நடவடிக்கை கோருதல்.

மரியாதைக்குரிய ஐயா,

1. சென்ற மாதம் நானும் என் கணவரும் எங்கள் தொழிற்சாலை ஆட்களோடு வேன் பிடித்துக் கோவளம் சென்றோம். திமிங்கிலம் நிச்சயம் என்று சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஏரியைத் தவிர வேறு தண்ணீர் காணாத நாங்கள் நம்பினோம்.

2. வழிகாட்டி திரு. ரகுபதி ஒலிபெருக்கியில் அறிவித்துக் காட்டிய முதல் திமிங்கிலம் ஒரு பாறை. அடுத்த திமிங்கிலத்தின் மேல் இருவர் உட்கார்ந்து வலை வீசிக்கொண்டிருந்தார்கள். அது கட்டுமரம் என்று நான் பணிவுடன் தெரிவித்தேன். படித்தவர்கள் கண்ணுக்குத்தான் திமிங்கிலம் தெரியும் என்றார். என் கணவர் அச்சமயம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபடியால் அவரது கருத்தைப் பெற இயலவில்லை.

3. பிறகு நிஜமாகவே ஓர் உயிர் எதிர்ப்பட்டது. கிழிந்த வலையில் சிக்கிய கடலாமை, தலையைத் தூக்க முடியாமல் தத்தளித்தது. யாக்கோபு எஞ்சினை நிறுத்தினார். நோட்டீஸில் ஆமை இல்லை, படகை ஓட்டு என்று வழிகாட்டி கத்தினார். யாக்கோபு, "இத்த இப்டியே வுட்டுட்டுப் போனா, நாளிக்கு எந்த மூஞ்சியோட கடல்ல எறங்கறது?" என்று மட்டும் கேட்டார்.

4. நான் குனிந்து வலையை இழுத்தேன். என் கணவர் வாந்தியை ஒத்திவைத்து, "இன்னாமே, நீயும் பூடப்போற" என்று என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். யாக்கோபு கத்தியால் அறுத்தார். விடுபட்ட ஆமை என் கன்னத்தில் ஓர் அறை விட்டது. எங்கள் சூப்பர்வைசர்கூட அந்த அளவு போனதில்லை. சற்று மிதந்து, மூச்சை இழுத்துக்கொண்டு, உள்ளே போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. காரணம் கன்னம் அல்ல.

5. கரை சேர்ந்ததும், பயணிகளின் நேரத்தை வீணடித்ததாக யாக்கோபுவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்தப் பயணிகள் நாங்கள்தான். எங்களை ஒருவரும் கேட்கவில்லை. கரையில் நின்ற அவர் மனைவி லூர்தம்மாள் எங்களைத் திட்டியிருக்கலாம். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

6. திமிங்கிலம் வராதது நிறுவனத்தின் குற்றமன்று. அது அதன் சொந்த விருப்பம். வராததை வந்ததாகச் சொன்னதையும், யாக்கோபுவை நீக்கியதையும் தாங்கள் விசாரித்து, அவருக்கு மீண்டும் படகு கிடைக்கச் செய்ய வேண்டுகிறேன். வேறு வழியின்றி அவரை எங்கள் தொழிற்சாலையில் லோடு ஏற்றச் சேர்த்துவிட்டிருக்கிறோம். சாப்பாட்டு நேரத்தில் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தாங்கள் தாமதித்தால் அதற்கும் பழகிவிடுவார். அதற்குள் ஆவன செய்யவும்.

இடம்: பென்னலூர்
நாள்: 20.3.1991

இப்படிக்கு,
எ. பாஞ்சாலி