பென்சிலில் நின்ற கிணறு

அண்ணை,

இன்று காலை வரைபட அறையில் உங்கள் மேசை லாச்சியைத் திறந்தேன். பிளேட்டால் சீவிய பென்சில்களின் மரவாசம் மூக்கில் ஏறியது. உள்ளே கிடப்பதையெல்லாம் குப்பையில் போடச் சொல்லித்தான் அலுவலகத்தில் என்னை அனுப்பினார்கள். நான் போடவில்லை.

ஸ்கொட்லாந்துச் சனம் நோவா ஸ்கோஷியாவில் வந்து குடியேறி வைத்த கேலிக் மொழிப் பெயர்களைத்தான் நாம் இருவரும் அந்த அறையில் எழுதினோம். வரலாற்று வரைபடம் என்றபடியால் ஒவ்வொரு பெயருக்கும் அருகே பொருளும் வேண்டும். ஒரு துறைக்குப் 'பெண் மூழ்கிய இடம்' என்று பொருள் வந்த அன்று நீங்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவேயில்லை. அடுத்த கிழமை, இராணுவ வலயத்துக்குள் அகப்பட்ட உங்கள் ஊரை வரையத் தொடங்கினீர்கள்.

நம் கோட்-டெ-நெய்ஜ் வட்டாரத்தில் மூலைத் தெப்பனேர்க் கடையில் தொலைபேசி அட்டை வாங்கி, ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் சிதறிப்போன ஊராட்களைப் பிடித்தீர்கள். "பேரைக் கேளாதை, பிள்ளை. வழியைக் கேள், பேர் தானா வரும்" என்பீர்கள். ஒருவர் சொன்னால் பென்சில். கேளாமலே இன்னொருவரும் சொன்னால் மை. இப்படியொரு பிடிவாதம் பிடித்த மனுசனை நான் கண்டதில்லை. காணி, குளம், ஒழுங்கை எல்லாம் ஒவ்வொன்றாக மைக்கு வந்தன.

கோயிலுக்குக் கிழக்கே ஒரு கிணறு மட்டும் பென்சில் வட்டமாகவே நின்றது. அங்கே தண்ணீர் அள்ளப்போன உங்கள் மனைவி சரசக்காமேல்தான் ஷெல் விழுந்தது. பக்கத்திலேயே புதைத்துவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினீர்கள். கல் நட நேரமில்லை. அக்காவின் பெயரையே எழுதுங்கோ என்று ஒருநாள் வாய்விட்டேன்.

"நான் வைச்சால் அது பேரில்லை. சனம் சொல்லவேணும்" என்றீர்கள். "ஒருத்தரும் சொல்லேல்லையே."

அதன்பிறகும் எத்தனை பேரிடம் கோயிலுக்கு வழி கேட்டீர்கள்! எல்லாரும் அந்தக் கிணற்றை மட்டும் சொல்லாமல் விட்டுத்தான் வழி சொன்னார்கள். எனக்கு அவர்கள்மேல் எரிச்சலாக வந்தது. மாசிப் பனியில் உங்களை எரித்துவிட்டு வந்தபோதும் வட்டம் அப்படியே கிடந்தது.

பிறகு மிச்சத்தை நான் கேட்கத் தொடங்கினேன். பாரிசில் இருக்கும் உங்கள் அயல்வீட்டு அம்மாவிடம் கோயிலுக்கு வழி கேட்டேன். "சரசு கிணத்தடியால திரும்பி நேர போகவேணும்" என்றார். போன கிழமை ரொறன்ரோவில் ஒருவரும் அதையே சொன்னார். நீங்கள் போனபின், மிச்சச் சனம் ஓடுவதற்கு முந்திய நாட்களிலேயே அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டதாம். ஏன் அண்ணையிடம் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன்.

"அந்தாளிட்ட எந்த வாயால சொல்லுறது, பிள்ளை?"

நீங்களே கேட்டதால்தான் யாரும் சொல்லவில்லை, அண்ணை. இது நம் இருவர் மண்டையிலும் ஏறவில்லையே. எனக்கு ஆறவில்லை.

இன்று அந்தப் பெயரை மையில் எழுதினேன். நான் காணாத ஊர் அது, போகவும் விடமாட்டார்கள். ஆனால் வழி எனக்குப் பாடம். ஆலடியால் இறங்கி, குளக்கட்டோடு நடந்து, சரசு கிணற்றடியில் திரும்பவேண்டும்.